'அப்ளிகேஷன்': ஜப்பானியத்தில் எந்தச் சொல் போடுவது?

குறிஞ்சி:
ஜப்பானுக்கு வேலைக்கு வருபவர்களுக்கான இணையதளம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றுகிறோம். விசா, வேலை, பல்கலைக்கழகம், இன்சூரன்ஸ், செட்டிங்ஸ் என எங்கே பார்த்தாலும் 'அப்ளிகேஷன்'. அகராதியோ ஷின்செய், மோஷிகோமி, ஓபோ, ஷுட்சுகான், தெகியோ என்று அடுக்குகிறது. எல்லாவற்றுக்கும் ஷின்செய் போட்டால் ஆகாதா?

தாழம்பூ:
ஆகாது. யாரிடம், எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். அனுமதி தரும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்டால் ஷின்செய்: விசா, பாஸ்போர்ட், உதவித்தொகை. 'ஆள் தேவை' என்ற அறிவிப்புக்கு (அது போஷூ) பதிலாகப் போனால் ஓபோ. வேலைக்கும் போட்டிகளுக்கும் இதுதான். ஒப்பந்தத்துக்கு நாமே முன்வந்தால் மோஷிகோமி: இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, பயிற்சி வகுப்பு. ஜப்பானின் சிவில் சட்டத்திலும் ஒப்பந்தத்தின் முதல் படிக்கு இதே பெயர்தான். ஷுட்சுகான் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சேர்க்கை, காப்புரிமை, வணிகக்குறி ஆகியவற்றுக்கு.

விண்ணப்பிப்பவரைக் குறிக்கும்போது விகுதியும் மாறும். விசாவுக்கு ஷின்செய்நின், காப்புரிமைக்கு ஷுட்சுகான்நின், வேலைக்கு ஓபோஷா. 'ஓபோநின்' என்று எழுதினால் உடனே உறுத்தும்.

செம்பருத்தி:
மேலே விட்டுப்போன ஒன்று: தொதொகெ. கல்யாணப் பதிவு, வேறு ஊருக்குக் குடிபோனால் நகராட்சியில் தரும் படிவம் எல்லாம் தொதொகெ, ஷின்செய் இல்லை. 1993ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. ஷின்செய் என்றால் அலுவலகம் 'சரி' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லியாக வேண்டும். தொதொகெ வெறும் தகவல் தருவது. யாரும் அனுமதிக்க வேண்டியதில்லை. குடிவந்தவர் 14 நாட்களுக்குள் தரும் தென்யூ தொதொகெயை ஷின்செய் என்று மொழிபெயர்த்தால், அனுமதி வரும்வரை காத்திருக்கணுமோ என்று படிப்பவர் குழம்புவார்.

சந்தேகம் வந்தால் ஜப்பான் நீதி அமைச்சகத்தின் சட்ட மொழிபெயர்ப்புத் தளத்தில் இரு மொழியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இலவசம்தான்.

குறிஞ்சி:
ஆபீஸில் லீவுக்குப் போடுவது? அது அரசு இல்லையே.

தாழம்பூ:
க்யூகா ஷின்செய். மேலதிகாரி ஒப்புதல் தரணும் அல்லவா, அதனால் பொருந்தும். அரசா தனியாரா என்பது பிரச்சினை இல்லை. ஒப்புதல் கேட்காத கம்பெனிகளில் படிவத்தின் பெயரே க்யூகா தொதொகெ என்று இருக்கும். வாடிக்கையாளர் எந்தப் பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டு அதையே போடுங்கள்.

நொச்சி:
செட்டிங்ஸில் வரும் 'அப்ளை' பட்டனுக்கு தெகியோ, விண்டோஸிலும் அதுதான். தட்டச்சு செய்யும்போது காஞ்சியை (ஜப்பானியத்தில் பயன்படும் சீன எழுத்து) சரிபாருங்கள்: வங்கிப் பாஸ்புக்கில் 'விவரம்' என்ற பத்தியும் தெகியோதான், எழுத்து வேறு. மென்பொருள் என்ற பொருளில் வந்தால் அப்புரி. களிம்பு தடவுவது தொஃபு, குறில். நெடிலாக தோஃபு என்றால் சோயா கட்டி! நம் எழுத்தில் ஒகர ஓகார வேறுபாடு இருப்பதால் குறிப்பெடுக்க வசதி.

இன்னொன்று: 'அப்ளிகேஷன்' என்ற ஒரே கீயை (தளத்தின் கோப்பில் ஒரு சொல்லுக்கு வைக்கும் அடையாளப் பெயர்) எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். விசா பக்கத்தில் ஷின்செய் என்று ஒருமுறை சேமித்தால், மொழிபெயர்ப்பு நினைவகம் (முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்து வைத்து மீண்டும் எடுத்துத் தரும் மென்பொருள்) அதை நூறு சதவீதப் பொருத்தம் என்று எடுத்து வேலைப் பக்கத்திலும் தானே நிரப்பிவிடும். பக்கத்துக்கு ஒரு கீ, கூடவே 'யார் யாரிடம் தருவது' என்று ஒரு வரிக் குறிப்பு.