மார்கழியைத் திட்டாதே

குழு: தண்டையார்பேட்டை வீடு

தம்பி, 4.38
யாராவது விழித்திருக்கிறீர்களா? வண்டி கிளம்பவில்லை. ஐஸ் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. ஏலம் தொடங்குவதற்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

சித்தி, 4.40
வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன பனி! டீசல் உறைந்திருக்கும்.

காசிமேடு மாமா, 4.41
உறைவதற்கு இது என்ன லடாக்கா? அங்கேதான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019இல் கொண்டுவந்தார்கள். நமக்கு மார்கழியிலும் 20 டிகிரி இருக்கும். மாப்பிள்ளை, செல்ஃப் அடித்தால் என்ன சத்தம்?

தம்பி, 4.42
'உர்ர்... உர்ர்...' என்று இழுக்கிறது. பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டேன்.

காசிமேடு மாமா, 4.42
சாவியிலிருந்து கையை எடு! பத்து நொடிக்கு மேல் அடிக்காதே, அடித்தால் ஒரு நிமிடமாவது ஆற விடு. மோட்டார் கருகிவிடும். புகை வருகிறதா?

தம்பி, 4.43
வெள்ளையாக வருகிறது. கண் எரிகிறது.

காசிமேடு மாமா, 4.43
நல்லது.

திருவொற்றியூர் அக்கா, 4.44
இதில் என்ன நல்லது மாமா?

காசிமேடு மாமா, 4.45
டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று பொருள். புகையே இல்லாவிட்டால்தான் ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது), ஃபில்டர் அடைப்பு என்று தேட வேண்டும்.

நான், 4.46
எரியாததற்குக் குளிர்தானே காரணம்?

காசிமேடு மாமா, 4.49
மார்கழியைத் திட்டாதே. பெட்ரோல் வண்டியில் பொறி வைக்க பிளக் இருக்கிறது. டீசலில் நெருப்பு வைக்க ஆளே இல்லை, காற்றை நசுக்கித்தான் சூடேற்ற வேண்டும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அதே கதை. 18 பங்குக் காற்றை ஒரு பங்காக அமுக்கினால் 500 டிகிரியைத் தாண்டும். அதில் பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றும். ஆனால் வேகமாக அமுக்க வேண்டும். மெல்ல அமுக்கினால் சூட்டை இரும்புச் சுவர் குடித்துவிடும், காற்றும் பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசியும். இவன் வண்டி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. இரும்பு குளிர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், மார்கழியின் பங்கு அவ்வளவுதான்.

சித்தி, 4.50
அப்பா படகில் பேட்டரியே கிடையாதே அண்ணா. கைப்பிடி போட்டுத்தானே சுற்றுவார்?

காசிமேடு மாமா, 4.52
அதற்குத்தான் மேலே ஒரு லிவர். தூக்கினால் வால்வு திறந்தே நிற்கும், அமுக்கம் இருக்காது. நாலு சுற்றில் ஃபிளைவீல் என்கிற கனத்த சக்கரம் வேகம் எடுக்கும். லிவரை விட்டால் அந்த வேகமே காற்றை நசுக்கும், 'டப்' என்று பிடித்துக்கொள்ளும். ஒரு முறை கைப்பிடி திருப்பி அடித்து அப்பாவின் மணிக்கட்டு வீங்கியதே, மறந்துவிட்டாயா?

தம்பி, 4.53
மாமா, இங்கே ஐஸ் உருகுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் காற்றுக்குழாயில் சட்டெனப் பற்றும் ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார்.

காசிமேடு மாமா, 4.53
அவரைப் போய்ப் படுக்கச் சொல். உன் வண்டிபோல் ஹீட்டர் பிளக் (கிளப்பும் முன் உள்ளே சூடேற்றும் பிளக், பொறி வைக்காது) உள்ள வண்டியில் அதை அடித்தால் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் போய்விடும். பேட்டரி முனையைப் படம் எடுத்து அனுப்பு.

தம்பி, 4.55
(படம்)

காசிமேடு மாமா, 4.57
பார், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது! மின்சாரம் முழுதாகப் போகாமல்தான் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. கடலோரம் நிறுத்துகிறாய், உப்புக்காற்று சும்மா விடுமா? மைனஸை முதலில் கழற்று. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஈரம் போகத் துடை. மாட்டும்போது பிளஸ் முதலில். ஹெட்லைட் அணைந்திருக்கட்டும். சாவியைத் திருப்பி, மீட்டர் பக்கம் எரியும் சுருள் படம் போட்ட விளக்கு அணையும்வரை பொறு. இரண்டு முறை அப்படிச் செய். ஹீட்டர் பிளக்கின் நுனி 800 டிகிரிக்கு மேல் சூடாகும் நேரம் அது. பிறகு கிளட்சை மிதித்துக்கொண்டு அடி.

சித்தி, 4.57
குளிக்க வைத்த வெந்நீர் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

தம்பி, 5.11
பிடித்துவிட்டது!! ஆனால் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம்.

காசிமேடு மாமா, 5.12
ஆக்சிலரேட்டரை மிதிக்காதே. சூடு போதாமல் டீசல் தாமதமாகப் பற்றுகிறது. அதற்குள் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது, அந்த அடிதான் அது.

தம்பி, 5.14
அடங்கிவிட்டது. கிளம்புகிறேன்.

தம்பி, 11.20
மெக்கானிக் பார்த்தார். நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துக் கிடக்கின்றன. விளக்கு ஒழுங்காகத்தானே எரிந்தது மாமா?

காசிமேடு மாமா, 11.26
பல வண்டிகளில் அந்த விளக்கு நேரத்தை மட்டும்தான் காட்டும், எந்த பிளக் சூடானது என்று சொல்லாது. நான்கையும் மாற்றிவிடு. பழையதைத் தூக்கிப் போடாதே, சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.