பிரான்ஸ் குடியரசுத் தலைவரின் மனைவிக்கு வேலை என்ன? மகளின் வகுப்புப் பேச்சுக்கு உதவி வேண்டும்

திருச்சி அப்பா:
என் மகள் பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாக ஃப்ரெஞ்ச் படிக்கிறாள். அடுத்த வாரம் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிரான்ஸ் குடியரசுத் தலைவரின் மனைவி என்று மிஸ் தலைப்புக் கொடுத்திருக்கிறார். பாதி வகுப்பு பிரிஜித் மக்ரோன் பற்றித்தான் பேசப்போகிறதாம். நானும் தேடிப் பார்த்தேன். உடுத்தும் உடையும் கணவரோடு உள்ள வயது வித்தியாசமும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த இடத்துக்குச் சம்பளம் உண்டா, சட்டத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறதா? உருப்படியாக ஒரு வேலை செய்தவர் என்று யாரைச் சொல்லலாம்? அங்கே வாழ்கிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

புதுவை வழக்கறிஞர்:
சம்பளம் கிடையாது. அரசியலமைப்பில் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2017இல் குடியரசுத் தலைவர் மக்ரோன் இதற்கு முறையான சட்ட அந்தஸ்து ஒன்றை உருவாக்கப் பார்த்தார். எதிர்த்து எழுந்த மனுவில் கையெழுத்து 2 லட்சத்தைத் தாண்டியதும் சட்டம் கொண்டுவரும் எண்ணம் கைவிடப்பட்டது. அந்த ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகை ஓர் அறிக்கையை மட்டும் வெளியிட்டது: ஊதியம் இல்லை, தனி நிதி இல்லை, மாளிகை ஊழியர்களின் உதவி உண்டு. அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது.

பாரிஸ் அம்மா:
அண்ணை, உங்கட மகள் பெர்னாடெட் சிராக் பற்றிக் கதைக்கட்டும். 1995இல இருந்து 2007 வரைக்கும் ஜனாதிபதியா இருந்த ஜாக் சிராக்கின்ர மனைவி. நான் அவவை ஒருநாளும் நேரில கண்டதில்லை. ஆனா அவ சேர்த்த காசில நடந்த வீட்டில நாலு மாசம் படுத்தெழும்பினனான்.

2003இல என்ர மூத்த மகனுக்கு ஐஞ்சு வயது. இரத்தப் புற்றுநோய் எண்டு சொல்லிப்போட்டினம். எங்கட வீட்டில இருந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு ரெயினும் ஒரு பஸ்ஸும். முதல் மூண்டு கிழமையும் அவன்ர கட்டிலுக்குப் பக்கத்தில கதிரையில இருந்தபடியே நித்திரை. பிறகு ஒரு நேர்ஸ் வந்து, பெற்றோர் இல்லத்தில அறை ஒண்டு கிடைச்சிருக்கு எண்டு சொன்னா. ஆஸ்பத்திரி வாசலில இருந்து நடக்கிற தூரம். சின்ன அறை, ரெண்டு கட்டில். கீழ எல்லாருக்கும் பொதுவா ஒரு குசினி, உடுப்புத் தோய்க்கிற மெசின். நான் அங்க சோறும் பருப்பும் காய்ச்சிச் சுடச்சுட அவனுக்குக் கொண்டுபோவன். பக்கத்து அடுப்பில மாலி நாட்டுத் தாய் ஒராள் தன்ர பிள்ளைக்குச் சமைப்பா. ரெண்டு பேருக்கும் பொதுவா பாஷை இல்லை. காலமை ஆளையாள் பாத்து, இரவு காய்ச்சல் விட்டதோ எண்டு நெத்தியில கை வைச்சுக் கேப்பம்.

அந்த வீட்டு வாசலில ஒரு சின்னப் பலகை. அதில "பியேஸ் ஜோன்" எண்டு இருந்தது. மஞ்சள் காசு எண்டு அர்த்தம். 1989இல தொடங்கினது. வருசா வருசம் ஜனவரியில காட்போட் உண்டியல் குடுப்பினம். பள்ளிக்கூடப் பிள்ளையள் வீட்டில கிடக்கிற மஞ்சள் சில்லறையைப் போட்டு நிரப்பித் தபால் கந்தோரில குடுக்குங்கள். அந்தக் காசு ஆஸ்பத்திரியில கிடக்கிற பிள்ளையளுக்கும் அவையின்ர தாய் தேப்பனுக்கும் போகும். ஃப்ராங்க் போய் யூரோ வந்த 2002 ஜனவரியில என்ர மகனும் நேர்சரியில இருந்து ஒரு உண்டியல் கொண்டுவந்தவன். மிச்சமிருந்த சந்தீம் சில்லறை எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டினனான். அது எங்க போகுது எண்டு அப்ப கேக்கேல்லை.

இதை நடத்திற அறக்கட்டளைக்குப் பெர்னாடெட் 1994இல தலைவியா வந்தவ. புருசன் ஜனாதிபதி ஆகிறதுக்கு முதல் வருசம் அது, அதை மகள் கட்டாயம் சொல்லவேணும். எலிசேயை விட்டு வந்த பிறகும் விடேல்லை, 2019 வரைக்கும் இருந்தவ. பிறகு அந்த இடத்துக்கு வந்தது பிரிஜித் மக்ரோன். பெர்னாடெட் தலைவியா இருந்த காலத்தில ஜூடோ சாம்பியன் டாவிட் டூயேயையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊரா ரெயினில போய் உண்டியல் சேர்ப்பா. தொலைக்காட்சியில பாக்கேக்க கொஞ்சம் இறுக்கமான மனுசி மாதிரித்தான் தெரிவா.

அவவின்ர மூத்த மகள் லோரன்ஸுக்குப் பதினஞ்சு வயதில மூளைக்காய்ச்சல் வந்தது. அதுக்குப் பிறகு சாப்பிடாமல் மெலிஞ்சுபோற அனொரெக்சி. அந்தப் பிள்ளை 2016இல தாய்க்கு முன்னமே போயிட்டுது. 2004இல பாரிஸில கோஷான் ஆஸ்பத்திரியோட சேர்த்து, வளரிளம் பிள்ளையளுக்கெண்டு "மேசோன் த சொலேன்" எண்ட சிகிச்சை நிலையம் திறந்தது இவவின்ர முயற்சியில. சொலேன் எண்டது ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரின்ர மகள், அதே மாதிரி நோயோட போராடிச் செத்த பிள்ளை. ஒரு தாய் வருசக்கணக்கா தன்ர பிள்ளையைச் சாப்பிட வைக்கப் பாடுபட்டிருக்கிறா. கதிரையில நித்திரை கொண்ட எனக்கு அது என்னெண்டு தெரியும்.

திருச்சி அப்பா:
அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. மகன் இப்போது எப்படி இருக்கிறார்? மகள் இன்னொன்றும் கேட்கிறாள். பெர்னாடெட் தேர்தலில் நின்றதாக எங்கோ படித்தாளாம். அது கணவருக்காகக் கிடைத்த இடம்தானே?

பாரிஸ் அம்மா:
மகன் சுகம் அண்ணை, இப்ப வேலைக்குப் போறான்.

மகள் கேட்டது நல்ல கேள்வி. கொரேஸ் மாவட்டம் சிராக்கின்ர அரசியல் தளம். அந்த மாவட்ட சபைக்கு 1979 வரைக்கும் அவர்தான் தலைவர். அதே வருசம் இவ அதே சபைக்குத் தெரிவானா. அந்தப் பேர் உதவினதுதான். ஆனா 2015 வரைக்கும், 36 வருசம், சனம் திரும்பத் திரும்ப அவவுக்குப் போட்டவை. ஜனாதிபதியின்ர மனைவியா இருக்கேக்கயும் அந்த மலைநாட்டுக்குப் போய் ரோட்டு, பள்ளிக்கூடம், பஸ் எண்டு சனத்தின்ர முறைப்பாடு கேட்டிருக்கிறா. புருசன் எலிசேயை விட்டு எட்டு வருசத்துக்குப் பிறகும் அவ சபையில இருந்தவ. வெறும் பேரால அவ்வளவு காலம் இழுக்க ஏலாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

லிமோஷ் ராசன்:
கொரேஸுக்குப் பக்கத்து மாவட்டத்தில் வேலை செய்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2008இல் அந்த மாவட்ட சபைக்குத் தலைவராக வந்தவர் பிரான்சுவா ஒலாந்து, 2012இல் நாட்டின் தலைவர் ஆனவர். அவருக்கு எதிர்வரிசையில் பெர்னாடெட் உறுப்பினராக இருந்தார். 2011இல் ஜாக் சிராக், தான் ஒலாந்துக்கே வாக்களிப்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பெர்னாடெட்டோ அப்போதைய குடியரசுத் தலைவர் சார்கோசி பக்கம் உறுதியாக நின்றார். இன்னொன்று, இந்தக் கணவன் மனைவி கடைசிவரை ஒருவரையொருவர் "வூ" என்றுதான் அழைத்தார்கள், நம் "நீங்கள்" மாதிரி. "த்யூ" (நீ), "வூ" படிக்கும் பிள்ளைகளுக்கு இது மனத்தில் நிற்கும்.

திருச்சி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மகள் பெர்னாடெட்டையே எடுத்துக்கொண்டாள். மஞ்சள் காசிலிருந்து ஆரம்பிக்கிறாளாம். அக்கா, இப்போது எந்த நாணயத்தை மஞ்சள் காசு என்கிறார்கள்?

பாரிஸ் அம்மா:
10, 20, 50 சந்தீம். எங்கட மேசை லாச்சியில கிடக்குது. வடிவா வெளிச்சத்தில வைச்சுப் படம் எடுத்து இண்டைக்கு இரவு போடுறன், பிள்ளை வகுப்பில காட்டட்டும்.