எஃப்4 வரிசையில் மகள் தப்பினாள், மகன் விடுபட்டான்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அண்ணன் 2005ஆம் ஆண்டின் கடைசியில், எனக்குக் கிரீன் கார்டு (அங்கே நிரந்தரமாக வாழும் உரிமை) கிடைக்க மனுப் போட்டார். உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவு. அப்போது என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. மனுப் போட்ட நாள்தான் வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி. அந்தத் தேதிக்கு விசா முறை வந்தது 2024இல். அதைத்தான் 'தேதி வந்தது' என்கிறோம். மகள் இன்று எங்களோடு அமெரிக்காவில் இருக்கிறாள், மகன் ஊரில் இருக்கிறான். ஒரே மனு, ஒரே தாய் தகப்பன், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு முடிவு. ஏன் இப்படி ஆயிற்று என்பதை, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எஃப்4 பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாதான். எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. இந்தியர்களுக்கு வரிசை இவ்வளவு நீள்வது அதனால்தான். பிள்ளைகள் 21 வயதுக்கு உட்பட்டு, திருமணமாகாமல் இருந்தால் மட்டுமே பெற்றோரோடு சேர்ந்து வரலாம். பதினெட்டு ஆண்டு வரிசையில் எந்தப் பிள்ளைதான் 21க்குள் நிற்கும்? 2002இல் வந்த சிறார் பாதுகாப்புச் சட்டம் இல்லாவிட்டால் என் மகளும் விடுபட்டிருப்பாள்.

அந்தச் சட்டத்தின் கணக்கு இதுதான். தேதி வந்த அன்று பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-130 மனு (உறவினருக்காகப் போடும், என் அண்ணன் போட்ட அந்த மனு) பெறப்பட்ட நாள் முதல் ஒப்புதல் ஆன நாள் வரையிலான காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் 21க்குக் கீழே இருந்தால் பிள்ளை பிள்ளைதான். ஒப்புதலுக்குப் பிறகு வரிசையில் நின்ற ஆண்டுகள் எத்தனையாக இருந்தாலும் கழிக்க மாட்டார்கள். எங்கள் மனு நான்கு ஆண்டு மூன்று மாதம் மேசையில் கிடந்து, 2010இல் ஒப்புதல் ஆயிற்று. கடிதம் வந்த அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். மகளுக்கு 22 வயது நடந்துகொண்டிருந்தபோது தேதி வந்தது. கழித்தால் சட்டப்படி 18 சொச்சம். மகனுக்கு 25 வயது பத்து மாதம். கழித்தால் 21 வயது ஏழு மாதம். அதே ஒப்புதல் இன்னும் எட்டு மாதம் தாமதமாகியிருந்தால் அவனும் வந்திருப்பான். மனு நகரவே இல்லையே என்று புலம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எடுத்துச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் வயதிலிருந்து கழிபடுவது அந்தத் தாமதம் மட்டுமே.

அதனால் இன்றே பீரோவைத் திறந்து ஒப்புதல் கடிதத்தை எடுங்கள். அதில் மனு பெறப்பட்ட தேதியும் ஒப்புதல் தேதியும் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதிக்கும் எதிரே எழுதி வையுங்கள். யாருடைய தேதி வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் வரும். ஒன்று விசா கொடுக்கக்கூடிய இறுதி நடவடிக்கைத் தேதி, மற்றது விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யத் தொடங்கும் தேதி. தூதரகம் வழியாகப் போகிறவர்களுக்குப் பிள்ளையின் வயதை எந்த நாளில் கணக்கிடுவது என்று தீர்மானிப்பது இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணைதான். அமெரிக்காவுக்குள் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 2023இல் மற்ற அட்டவணையை எடுத்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் அவர்களுக்கும் பழையபடி இறுதி நடவடிக்கைத் தேதியே. பழைய செய்தியைப் படித்துவிட்டு நம்பிக்கை வைத்தவர்கள் மறுபடி கணக்குப் பார்ப்பது நல்லது.

தேதி வந்த ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளைக்காக விசா விண்ணப்ப வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆளுக்கு 325 டாலர் விசாக் கட்டணம். வயதுக் கணக்கு விளிம்பில் இருக்கிறது என்று தோன்றினாலும் கட்டிவிடுங்கள். காலக்கெடுவைத் தவறவிட்ட பிறகு 21க்குள் இருந்தும் பயன் இல்லை.

மகன் கணக்கில் 21ஐத் தாண்டிவிட்டான் என்று தெரிந்ததும் ஒரு ஏஜென்ட் வந்தார். "கவலைப்படாதீர்கள் அம்மா, உங்கள் 2005ஆம் ஆண்டுத் தேதியை மகனுக்கே வாங்கித் தந்துவிடலாம்" என்று பெருந்தொகை கேட்டார். அந்தக் கதவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014லேயே சாத்திவிட்டது. உடன்பிறந்தோர் மனுவில் ஒட்டி வந்த பிள்ளை வயது கடந்துவிட்டால் பழைய தேதி அவனோடு வராது. வழக்கறிஞரிடம் கேட்டு இதை உறுதி செய்துகொண்டு ஏஜென்டைத் திருப்பி அனுப்பினோம். பிள்ளையை விட்டுப் பிரியப்போகும் தாயிடம் இப்படிக் காசு பார்ப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் விஷயத்திலும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. இடையில் நல்ல வரன் ஒன்று வந்தது. பையன் வீட்டார் தை மாதமே முடித்துவிடலாம் என்றார்கள். தாலி ஏறினால் அன்றோடு அவள் விசா போய்விடும். அமெரிக்க மண்ணில் கால் வைக்கும் வரை அவள் திருமணமாகாதவளாகவே இருக்க வேண்டும். பதிவுத் திருமணத்தை மட்டும் சத்தமில்லாமல் முடித்துவிடுங்கள் என்று உறவில் சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அப்படி எதுவும் செய்யாதீர்கள். மறைத்து வாங்கிய கிரீன் கார்டு பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதுகூடப் பறிபோகலாம். பையன் வீட்டாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர்கள் காத்திருக்கவில்லை. மகள் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மும்பையில் நேர்காணலுக்குப் போனபோது அந்த அதிகாரி அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?" என்பதுதான். இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னாள்.

மகனுக்கு இப்போது இருக்கும் வழி எஃப்2பி. கிரீன் கார்டு உள்ள பெற்றோர், 21 வயது கடந்த, திருமணமாகாத பிள்ளைக்குப் போடும் மனு. வரிசை புதிதாகத் தொடங்கும், பல ஆண்டுகள் ஆகும். நான் குடியுரிமை பெறுவதற்கு முன் அவன் திருமணம் செய்துகொண்டால் மனு அத்தோடு செத்துவிடும். கிரீன் கார்டு உள்ளவர் மணமான பிள்ளைக்கு மனுப் போட அமெரிக்காவில் பிரிவே கிடையாது. இதையெல்லாம் நானும் என் கணவரும் அவனிடம் ஒளிக்காமல் சொன்னோம். முழுதாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நான் காத்திருக்க மாட்டேன், எனக்குப் பெண் பாருங்கள்" என்றான். நல்ல வேலையில் இருக்கிறான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்து ஆண்டு முடிந்து எனக்குக் குடியுரிமை கிடைத்ததும் அவன் குடும்பத்துக்கு எஃப்3 போடுவேன். மணமான பிள்ளைகளுக்கான அந்த வரிசையும் இந்தியர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் போகிறது என்று தெரிந்தே போடுவேன். அதற்குள் பேரப்பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர்களுக்கும் இதே 21 வயதுக் கணக்குதான். அந்த ஒப்புதல் கடிதத்தையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லி மருமகளிடம் கொடுத்துவிடுவேன்.