கணுக்கால் மூட்டு வீக்கம்: எந்த கோடு சரி?

வணக்கம் நண்பர்களே, மெடிக்கல் கோடிங்கில் (நோய்க்கு உரிய கோடு எண் போடும் வேலை) அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள். சென்னையில் அமெரிக்க வெளிநோயாளி சார்ட்டுகள் (மருத்துவக் குறிப்புகள்) பார்க்கிறேன், சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

நேற்று வந்த சார்ட்டில் மருத்துவர் எழுதியது இவ்வளவுதான்: வலது கணுக்கால் மூட்டில் வீக்கம், வலி, அடிபடவில்லை. ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவின் நோய்க் கோடு பட்டியல்) அகரவரிசையில் மூட்டு வீக்கம் என்று தேடினால் ‘எஃப்யூஷன்’ (மூட்டுக்குள் நீர் சேர்வது) பக்கம் போகச் சொல்கிறது. அதனால் எம்25.471 போட்டேன், வலிக்கு எம்25.571.

தணிக்கையில் தவறு என்று வந்துவிட்டது! மூட்டில் நீர் என்று மருத்துவர் எழுதவில்லையாம், எக்ஸ்ரேயிலும் இல்லையாம், ஆர்22.41 போட வேண்டுமாம். அது வலது காலில் ஓரிடத்து வீக்கத்துக்கான கோடு, மூட்டையே சொல்வதில்லை. கணுக்காலைச் சுற்றி நீர்க்கோர்வை (எடிமா, மூட்டுக்குள் இல்லாமல் திசுவில் நீர் சேர்வது) என்று மட்டும் இருந்திருந்தால் ஆர்60.0 என்று நானே போயிருப்பேன். இங்கே மூட்டு என்று தெளிவாக இருக்கிறதே.

அகரவரிசை காட்டும் வழியே போதுமா, இல்லை மருத்துவரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்ப வேண்டுமா? மறுபரிசீலனை கேட்க நாளை மாலைவரைதான் நேரம். அப்புறம், இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தால் எம்25.471 (வலது), எம்25.472 (இடது) இரண்டையும் போடுவதுதானே வழக்கம்? இதற்கு இருபக்கக் கோடு என் கண்ணில் படவில்லை.