வாகரைப் பக்க வேடர் ஆக்களோட சேர்ந்து 3டி ஆப் செய்யிறது, ஐடியா தாங்க

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு வந்தாறுமூலை கெம்பஸ்ல ஃபைனல் இயர். வாகரை, பனிச்சங்கேணி பக்கம் தமிழ் பேசுற வேடர், பழங்குடி ஆக்கள் இரிக்காங்கதானே, அவங்கட பெரியாக்களுக்குத் தெரிஞ்ச தேன் எடுக்கிற, களப்பு மீன்பிடி எல்லாத்தையும் மேப்பில போட்டு 3டி ஆப்பா செய்யலாமெண்டு நினைக்கன். ட்ரோன் ஒண்டும் இரிக்கி. எங்க இருந்து தொடங்குற?

களப்புக்காத்து:
தம்பி ட்ரோன வீட்ட வச்சிட்டுப் போங்க. ஆப்பிரிக்காவில நமீபியாவில ஹெரேரோ எண்ட மாடு வளக்கிற ஆக்களோட இதே மாதிரி வேலை செஞ்சிருக்காங்க, டவுனுக்குப் போன பிள்ளைகளுக்கு ஊர் விசயம் தெரியாமப் போகுதெண்டுதான் தொடங்கின. டேப்லெட்டில 3டி குடில், மாடு, மரம் எல்லாம் குடுத்து, உங்கட ஊர நீங்களே அடுக்கிக் காட்டுங்க எண்டு பெரியாக்கள்ற கையில விட்டாங்க. அங்க பெரிய வீட்டுக்கும் மாட்டுப் பட்டிக்கும் நடுவுலதான் முன்னோர்ர புனித நெருப்பு இரிக்கும், அத வடிவுக்காக அங்கால தள்ளி வச்சா வெளியாளுக்கு ஒண்டும் விளங்காது, அவங்களுக்கு அது ஊரே இல்ல.

வம்மிமரம்:
நான் வாகரைதான். எங்கட மாமா தேனுக்குப் போனா முதல்ல தண்ணி மோட்டையடியில குந்திருவார், தேன்பூச்சி தண்ணி குடிச்சிட்டு எழும்பி எந்தப் பக்கம் போகுதெண்டு கண்ணச் சுருக்கிப் பாத்திட்டுத்தான் காட்டுக்குள்ள இறங்குவார். இது மேல இருந்து எடுத்த படத்தில எப்பிடித் தெரியும்? ஃபோன அவர்ர கையில குடுங்க, அவர் பாக்கிறத அவரே எடுக்கட்டும். இன்னொண்டு, தேன் மரத்துக்கு ஜிபிஎஸ் போட்டுராதீங்க, அடுத்த கிழமை ஆரோ வந்து நெருப்பு வச்சு எடுத்திட்டுப் போயிருவாங்க. சடங்கும் அப்பிடித்தான், கேக்காமப் படம் எடுக்க வேணாம். வேடர் எண்டு வெளிய சொல்ல விருப்பமில்லாத ஆக்களும் இரிக்காங்க, பேர் போட முதல் கேளுங்க. முந்தி வந்த ஆக்கள் எடுத்த வீடியோ ஒண்டும் எங்களுக்குத் திரும்பி வரல்ல, அதான் இவ்வளவு சொல்றன்.

களப்புக்காத்து:
அதுதான் மெயின். ஐநா 2007ல நிறைவேற்றின பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்தில 31ஆம் பிரிவப் பாருங்க, பாரம்பரிய அறிவு அந்த ஆக்களுக்குத்தான் சொந்தமெண்டு இரிக்கி. ஒரு கொப்பிய ஊருக்குள்ளயே ஹார்ட் டிஸ்க்கில வைங்க, அவங்க ஓமெண்டு சொன்னத மட்டும் நூலகம் நிறுவனத்துக்கிட்ட (இலங்கைத் தமிழ் ஆவணங்கள இணையத்தில சேத்து வைக்கிற ஆக்கள்) குடுக்கலாம்.

கல்லடிப்பாலம்:
அப்ப மேப்ப விட்டுர்றன். சூப்பர்வைசர் ஆப் எங்க எண்டு கேப்பார், அதான் யோசனை. அக்கா, மாமாவ எப்ப சந்திக்கலாம்?

வம்மிமரம்:
முதல்ல லெப்டொப் இல்லாம வாங்க. கேட்டுட்டு இன்பொக்ஸ்ல சொல்றன்.