'காட்டன் ஐட் ஜோ' என்ற அமெரிக்க நாட்டுப்பாட்டு உங்களுக்கு எப்படி அறிமுகம்?

ஆஸ்டின்வாசி:
டெக்சாஸில் நண்பன் கல்யாணம். ரெட்னெக்ஸ் என்ற ஸ்வீடன் இசைக்குழுவின் 1994 வடிவம்தான், வேறென்ன. வரிசை கட்டி ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கறுப்பினப் பெரியவர், "என் பாட்டி இதை இப்படிப் பாடமாட்டாள்" என்றார். மேசையில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே, ரொம்ப மெதுவாக: ஜோ மட்டும் வராமலிருந்தால் எனக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும். 'எப்பவோ' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஏழு வருடமாகியும் அந்த விரல் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாஞ்சோப்ரியா:
அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே, அடிமைப்பட்டிருந்த மக்கள் பாடியது அது. நாட்டுப்பாடல் சேகரித்த டோரதி ஸ்கார்பரோ 1925லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார். ஆனால் வரிகளுக்குச் சொந்த ஊர் கிடையாது. மேற்கு வர்ஜீனியா கிளிஃப்டாப் இசை முகாமில், 'ஓல்ட் ஜோ கிளார்க்' என்ற வேறொரு நாட்டுப்பாட்டுக்கு நான் ஆப்பிள் வரியைப் பாடினேன்: மரத்தில் ஆப்பிளாகத் தொங்கினால் போகிறபோதெல்லாம் அவள் ஒரு கடி கடிப்பாளே. அடுத்து 'சிண்டி' என்ற பாட்டு. எதிரே இருந்தவர் அதே வரியை எடுத்தார்! என்னைக் கிண்டல் செய்கிறார் என்று முகம் சிவந்துவிட்டது. பிடில் வாசித்த அம்மா வில்லை நிறுத்தாமலே, "அது ரெண்டுக்கும் உண்டும்மா" என்றார்.

கம்பிமுறுக்கி:
பிரியா, ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆப்பிள் வரி ஊர் சுற்றட்டும். கல்யாணம் நின்றுபோன அந்த வரி அப்படியில்லை, 'காட்டன் ஐட் ஜோ'வை விட்டு அது நகராது. அதையும் 'ஊர் இல்லை' என்று சொன்னால் பாடியவர்களையே அழிப்பதாகும்.
என் அனுபவம் சின்னது: எல்லோரும் கூடி வாசிக்கும் முதல் ஜாமில் 'ஜோ கிளார்க்'கை சாதாரண ஏ மேஜர் ஸ்கேலாக நினைத்து ஜி ஷார்ப் வாசித்தேன், சுற்றியிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அதில் ஜி இயல்பாகவே இருக்கவேண்டும், ஷார்ப் வேண்டாம். பிடிலை ஏ-இ-ஏ-இ என்று சுருதி மாற்றிக் கட்டுங்கள். கீழ்க்கம்பிகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றினால் போதும், தொடாத கம்பியும் சேர்ந்து முழங்கும். மெதுவாக முறுக்குங்கள், அறுந்துவிடும். அப்புறம், தெரிந்த அடிகளையெல்லாம் ஒரே மூச்சில் பாடாதீர்கள். ஒன்று பாடுங்கள், இரண்டு சுற்று வாசிக்க விடுங்கள்.

ஆஸ்டின்வாசி:
கம்பி, நன்றி. பாடகி நீனா சிமோன் 1959இல் நியூயார்க் டவுன் ஹாலில் இதைப் பாடிய பதிவை நேற்று இரவு கேட்டேன். பெரியவர் தட்டிய அதே நிதானம். அந்தப் பெரியவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.