மொரீஷியஸ் ஆப்ரவாசி காட்: பார்க்கப் போகும் முன் எதைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்?

கல்குளம்காரன்:
நவம்பர் முதல் வாரம் மொரீஷியஸ் போகிறோம். போர்ட் லூயியில் இருக்கும், ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய படித்துறையான ஆப்ரவாசி காட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கப்பலேறிப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். பெயர் முத்து, ஊர் குமரி மாவட்டம் வில்லுக்குறி பக்கம். அவர் பெயர் அங்கே பதிவேட்டில் கிடைக்குமா?

வேளிமலை:
இரண்டும் வேறு வேறு இடம். படித்துறையில் பெயர் தேட முடியாது. பதிவேடுகள் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

படித்துறைக்கு இரண்டு மணி நேரம் போதும். கட்டணம் இல்லை, ஞாயிறு விடுமுறை. முதலில் விளக்க மையத்தைப் பாருங்கள், அப்புறம் வெளியே வாருங்கள். நேரே வெளியே போனால் இடிந்த சுவர்தான் தெரியும். மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்: கரையேறிய கல்படிகள், வாயிற்காவலர் அறை, மருத்துவமனையின் ஒரு பகுதி, சமையல்கூடம், கழிப்பிட அடித்தளங்கள். 1834 முதல் 1920 வரை கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளுக்கு முன் பத்து நிமிடம் நில்லுங்கள். யுனெஸ்கோ 2006-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததன் காரணம் அங்கே விளங்கும்.

நவம்பர் 2 வேண்டாம். 1834-இல் 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்திறங்கிய நாள் அது. அன்று அரசு விடுமுறை, படித்துறையில் விழா நடக்கும், நிதானமாகப் பார்க்க முடியாது. காப்பகமும் திறந்திருக்காது.

பழையாறு:
'முத்து' என்ற ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு மோகாவில் ஒன்றும் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான முத்துக்கள் இருப்பார்கள். அப்பா பெயர், போன ஆண்டு (பத்து வருட வித்தியாசத்துக்குள்), முடிந்தால் கப்பல் பெயர், இவை வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது குடியேறி எண். வந்திறங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிறகு அவர் பெயரில் எழுதிய ஒப்பந்தம், அனுமதிச் சீட்டு எல்லாம் அந்த எண்ணைச் சுமந்தே வரும். அங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரில்தான் நம்மவர்கள் தவறுவார்கள். 1956 நவம்பர் 1-இல்தான் நம் குமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது; கப்பலேறிய காலத்தில் நாம் திருவிதாங்கூர். 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் வராது. திருவிதாங்கூர் என்று பாருங்கள். ஆரல்வாய்மொழி தாண்டிப் போய்ப் பதிந்திருந்தால் திருநெல்வேலி என்றுகூட இருக்கலாம்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். பிரெஞ்சு வாடை கலந்திருக்கும். உகரத்துக்கு 'ஓ, யூ' என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தோ இரட்டை 'ஓ' போட்டோ எழுதுவார்கள். முத்து 'மூட்டூ' ஆகும், குப்பன் 'கூப்பன்', ஆறுமுகம் 'ஆர்மூகம்'. நாலைந்து விதமாக எழுதிக் கொண்டு போங்கள். அப்பா பெயரே குடும்பப் பெயராகிப் போனதும் உண்டு, அதனால் அதையும் தனியாகத் தேடுங்கள். வந்திறங்கியவர்களைப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் 1860களில்தான் வந்தது. அதற்கு முன் போனவர் என்றால் படத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கோதையாறு:
விமானச் சீட்டு எடுக்கும் முன் ஒன்றை வீட்டில் கேளுங்கள். கப்பலேறியது சென்னையிலா, தூத்துக்குடியிலா? மொரீஷியஸுக்கு நம் பக்கத்து ஆட்களை அனுப்பியது சென்னைத் துறைமுகம். தூத்துக்குடி, தட்டப்பாறை முகாம், மண்டபம் முகாம், 'கண்காணி', 'துண்டு', இந்தச் சொற்களில் ஒன்று பேச்சில் வந்தாலும் அவர் போனது பெரும்பாலும் இலங்கைத் தோட்டத்துக்கு ('கண்காணி' மட்டும் என்றால் மலாயாவாகவும் இருக்கலாம்). இலங்கையில் ஒப்பந்தக் கூலி முறை இல்லை. கண்காணி முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப்போவார். கடன் பாக்கி எவ்வளவு என்று சொல்லும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. அதனால் மோகாவில் இருப்பது போல ஆளுக்கொரு எண் போட்ட பதிவேட்டை அங்கே தேட வேண்டாம்.

கல்குளம்காரன்:
அம்மாவிடம் கேட்டேன். 'கண்காணிதான் கூட்டிட்டுப் போனாரு'ன்னு சொல்றாங்க.

கோதையாறு:
அப்படியானால் மோகாவுக்கு ஒதுக்கிய நாளை விட்டுவிடுங்கள்; படித்துறையை மட்டும் பாருங்கள். தேடலைக் கீரிப்பாறையில் தொடங்குங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் இருக்கின்றன. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு எல்லாம் நமக்கு எட்டின தூரம்தான். அவர்கள் கொண்டுவந்த கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் தோட்டத்தின் பெயரும் பிறந்த ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லுக்குறி, தக்கலைப் பக்கத்து ஆட்கள் எந்தத் தோட்டத்தில் சேர்ந்து இருந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கண்காணிகள் தங்கள் ஊர்க்காரர்களையே திரட்டிக்கொண்டு போனார்கள். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் இலங்கையில் கம்பளை பக்கத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.